ஞாயிறு இரவில் நின்றுபோகும் ரிப்போர்ட்: கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். டேட்டாபேஸில் விவரம் இருக்கிறது, கையால் எடுத்தால் ரிப்போர்ட் அழகாக வருகிறது, தானாக எடுக்க வைத்தால் மட்டும் வருவதில்லை, அல்லது வருகிறது ஆனால் வந்தது வேறு ஏதோ. ஆகவே "எந்த லேப்டாப் வாங்கலாம்" கேள்விகளை இம்முறை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் பார்க்கலாம். லேப்டாப்காரர்கள் ஒரு மாதம் பொறுங்கள், விலை குறைந்தாலும் குறையும்.

கேள்வி: ஐயா, ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். விற்பனை விவரம் எல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. தினமும் இரவு 9 மணிக்கு அன்றைய ரிப்போர்ட் பிடிஎஃப் ஆகி ஒரு ஃபோல்டரில் விழும்படி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு வைத்தேன். வியாழன், வெள்ளி, சனி ஒழுங்காக வருகிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் வருவதில்லை. புதன் சில வாரம் வரும், சில வாரம் வராது. பகலில் நானே ஓட்டிப் பார்த்தால் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. "கம்ப்யூட்டருக்கும் ராகு காலமா" என்று முதலாளி கேட்கிறார்.

பதில்: முதலாளி கிண்டலாகக் கேட்டாலும் விஷயத்தைச் சரியாகத்தான் தொட்டிருக்கிறார், கிழமையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஞாயிறு உங்கள் கடை விடுமுறைதானே? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். ஞாயிறு அன்று விற்பனை இல்லை, ரிப்போர்ட்டில் போட ஒரு வரிகூட இல்லை. விவரம் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்று ரிப்போர்ட்டின் "நோ டேட்டா" நிகழ்வில் யாரோ (அநேகமாக உங்களுக்கு முன்பு இருந்தவர்) "இன்று விவரம் எதுவும் இல்லை" என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் வைத்திருப்பார். பகலில் அது திரையில் வந்தால் நீங்கள் ஓகே அழுத்திவிட்டு மறந்துவிடுவீர்கள். இரவு ஷெட்யூலர் ஓட்டும்போது, "பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு" என்ற விருப்பத்தை டிக் செய்திருந்தால், அக்சஸ் உங்கள் திரையில் திறப்பதே இல்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இப்படிப்பட்ட வேலைகள் எல்லாம் செஷன் பூஜ்யம் என்ற தனி அறையில்தான் ஓடும், அங்கே எட்டிப் பார்க்க ஜன்னல் கிடையாது. மெசேஜ் பாக்ஸ் அங்கே தோன்றி, ஓகே அழுத்த ஆள் வருமா என்று காத்துக்கொண்டே இருக்கும்.

சரி, ஞாயிறு போயிற்று, திங்களும் செவ்வாயும் ஏன் போக வேண்டும்? ஷெட்யூலரில் "செட்டிங்ஸ்" தாவலைத் திறந்து கீழே பாருங்கள். "இந்த வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காதே" என்பது அங்கே இயல்பாகவே இருக்கும். ஞாயிறு தொடங்கியது இன்னும் முடியவில்லையே, அதனால் திங்கள், செவ்வாய் இரண்டும் வாசலோடு திரும்பிவிடும். அதே தாவலில் "3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து" என்று இன்னொரு வரி, அதுவும் தானாகவே டிக் ஆகியிருக்கும். ஞாயிறு இரவு 9 மணியிலிருந்து 72 மணி நேரத்தை எண்ணினால் புதன் இரவு 9 மணி. பழையதைக் கொல்வதும் புதியது கிளம்புவதும் ஒரே நிமிடத்தில் மோதுகின்றன, எது முந்துகிறதோ அதைப் பொறுத்து புதன் ரிப்போர்ட் வரும் அல்லது வராது. வியாழன் தடை எதுவும் இல்லை, நன்றாக ஓடும். அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. உங்கள் கடிதத்தில் "புதன் சில வாரம்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் திட்டுவீர்கள்.

சந்தேகம் இருந்தால் திங்கட்கிழமை காலை ஷெட்யூலரில் "கடைசி ஓட்டத்தின் முடிவு" என்ற கட்டத்தைப் பாருங்கள். 41301 என்று முடிகிற எண் இருந்தால், வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் "டீடெயில்ஸ்" பக்கம் போனால் ஒரு அக்சஸ் அனாதையாக உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

மருந்து சின்னதுதான். நோ டேட்டா நிகழ்வில் மெசேஜ் பாக்ஸை எடுத்துவிட்டு, கேன்சல் என்பதற்கு ட்ரூ கொடுக்கும் வரியை மட்டும் வையுங்கள். அப்படி ரத்து செய்தால், அதைக் கூப்பிட்ட, ரிப்போர்ட்டை ஃபைலாக எடுக்கும் அவுட்புட்டூ கட்டளையில் 2501 என்ற பிழை எழும், இது பலரை பயமுறுத்துகிற எண், ஆனால் இங்கே அதற்கு அர்த்தம் "சரி, ரத்து செய்துவிட்டேன்" என்பது மட்டுமே. அந்த 2501 வந்தால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தேதியும் "விவரம் இல்லை" என்றும் எழுதிவிட்டு அக்சஸை மூடச் சொல்லுங்கள். வேறு எந்த எண் வந்தாலும் எண்ணையும் செய்தியையும் அதே ஃபைலில் எழுதிவிட்டு மூடச் சொல்லுங்கள். பிழையைப் பிடிக்காமல் விட்டால் "எண்டா டீபக்கா" (நிறுத்தவா, பிழையைத் தேடவா) என்று கேட்கும் பெட்டி வரும், அதுவும் அதே இருட்டறையில்தான் காத்திருக்கும். அப்புறம் அந்த 3 நாளை 30 நிமிடம் என்று மாற்றுங்கள். ஒரு நாள் ரிப்போர்ட்டுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுப்பது அதிகப்படியான கருணை.

இன்னொன்று, ஃபோல்டர் எங்கே இருக்கிறது? இசட் டிரைவ் மாதிரி நெட்வொர்க்கில் மேப் செய்த டிரைவாக இருந்தால் அதுவும் ஒரு நாள் காலை வாரும். அந்த எழுத்து நீங்கள் லாகின் செய்த செஷனுக்கு மட்டும் சொந்தம், செஷன் பூஜ்யத்துக்குத் தெரியாது. இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். ஃபோல்டர் கிடைக்காவிட்டாலும், நேற்றைய பிடிஎஃப்பை யாராவது அதே பெயரில் திறந்து வைத்திருந்தாலும் வருவது 2302. எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம், ஆனால் எண்ணை எழுதி வைத்திருக்க வேண்டும்.

நானும் இதில் அடிபட்டவன்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு ரிப்போர்ட் நின்றுபோகிறது என்று இரண்டு ராத்திரி ஃபிளாஸ்கில் டீயோடு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ராத்திரியும் கச்சிதமாக வந்தது. நான் போன மறுநாள் நின்றது. "பயனர் லாகின் செய்திருந்தால் மட்டும் ஓட்டு" என்று வைத்திருந்தவனே நான்தான்.

கேள்வி: மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடம். நோயாளிகள் பட்டியலை நேற்றைய தேதி போட்டு அக்சஸிலிருந்து வேர்டு ஃபைலாக எடுக்கும் மேக்ரோ வைத்திருக்கிறோம். மாதத்தின் கடைசி இரண்டு வாரமும் பிரமாதம். மாதம் பிறந்ததும் வெற்றுப் பட்டியல் வருகிறது, சில நாள் என்றோ வந்துபோன ஆட்களின் பெயர்கள் வருகின்றன. டேட்டாபேஸ் கெட்டுவிட்டதா? கம்பேக்ட் ரிப்பேர் நாலு முறை செய்தாயிற்று.

பதில்: ஐந்தாம் முறை செய்யாதீர்கள். டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது, தேதிதான் அமெரிக்காவுக்குப் போய் வருகிறது.

அக்சஸ் வினவலில் இரண்டு # குறிகளுக்கு நடுவே தேதியை எழுதினால் அது முதல் எண்ணை மாதமாகத்தான் படிக்கும், உங்கள் விண்டோஸில் நாள்-மாதம்-வருடம் என்று அமைத்திருந்தாலும் சரி. 2024 மார்ச் 5 என்ற எண்ணத்தில் #05/03/2024# என்று ஒட்டினால் அதற்கு அது மே 3. மே 3 இன்னும் வரவே இல்லை, வெற்றுப் பட்டியல். அக்டோபர் 2ஐ அப்படி எழுதினால் பிப்ரவரி 10 ஆகிவிடும், பிப்ரவரியில் வந்துபோனவர்கள் எழுந்து வருவார்கள். ஆனால் #13/03/2024# என்று எழுதினால் 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் "சரி, இது நாளாக இருக்கும் போல" என்று தானே திருத்திக்கொண்டு சரியான விடை கொடுத்துவிடும். இந்த உபகாரம்தான் உபத்திரவம். தவறாகவே வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பீர்கள்.

மார்ச் 3, ஏப்ரல் 4 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் தேதிகளைப் பாருங்கள், அவை மட்டும் மாத முதல் பாதியிலும் சரியாக வந்திருக்கும். வந்திருந்தால் நான் சொன்னதுதான் காரணம்.

தேதியை ஒட்டும் இடத்தில் ஃபார்மேட் ஃபங்ஷன் போட்டு வருடம்-மாதம்-நாள் வரிசையில், நடுவில் சிறுகோடு வைத்து, #2024-03-05# என்று வருமாறு செய்யுங்கள். அந்த வரிசையில் குழப்பத்துக்கு இடமில்லை. ஃபைல் பெயரிலும் அதையே வையுங்கள். பெயருக்குள் சாய்வுக்கோடு போட்ட தேதி போனால் விண்டோஸ் அதை ஃபோல்டர் என்று நினைத்து இல்லாத இடத்தில் தேடும். சிறுகோடு போட்ட பெயர்கள் ஃபோல்டரில் வரிசையாகவும் நிற்கும்.

பட்டியலை வேர்டு ஃபைலாக எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அக்சஸ் கொடுப்பது ஆர்டிஎஃப் என்ற, வேர்டில் திறக்கும் எளிய வடிவம், அதில் ரிப்போர்ட்டில் போட்ட கோடு, படம் எல்லாம் உதிர்ந்துவிடும். யாரும் அதைத் திருத்தப் போவதில்லை என்றால் பிடிஎஃப்புக்கு மாறிவிடுங்கள். அக்சஸ் 2010 முதல் அது உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பள்ளி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மாற்றினார்கள். அன்றிலிருந்து மதிப்பெண் ரிப்போர்ட் பிடிஎஃப்பில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வெள்ளையாக வருகிறது. 600 மாணவர்களுக்கு 1200 பக்கம். ரிப்போர்ட்டை யாரும் தொடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்.

பதில்: அவர்களை நம்பலாம். காகிதம் மாறியிருக்கிறது. ரிப்போர்ட் எவ்வளவு அகலம் என்பதை அக்சஸ் டீஃபால்ட் பிரின்டரின் காகிதத்தோடு வைத்துத்தான் கணக்குப் பார்க்கும், நீங்கள் பிடிஎஃப்தான் எடுக்கிறீர்கள் என்றாலும். பழைய கம்ப்யூட்டரில் லெட்டர் அளவு இருந்திருக்கும், அதன் அகலம் 21.59 சென்டிமீட்டர். புதியதில் ஏ4, அது 21 சென்டிமீட்டர். உங்கள் ரிப்போர்ட் 17.5, இரண்டு பக்கமும் ஓரம் 2, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டினால் 21.5. லெட்டரில் மயிரிழையில் அடங்கும், ஏ4இல் அரை சென்டிமீட்டர் வெளியே வழியும், வழிந்த அந்த அரை சென்டிமீட்டர் வெற்றிடத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிடும்.

டிசைன் வியூவில் வலது ஓரத்தைப் பிடித்து 17 சென்டிமீட்டருக்குள் இழுங்கள். வர மறுத்தால் தலைப்புக்குக் கீழே யாரோ போட்ட நீளக் கோடு ஒன்று ஓரம் வரைக்கும் நீண்டிருக்கும், முதலில் அதைக் குறுக்குங்கள். அப்புறம் விண்டோஸ் அமைப்பில் "டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்" என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தீர்களோ அதுதான் டீஃபால்ட், ஹெட்மாஸ்டர் அறை பிரின்டரில் ஒரு சுற்றறிக்கை எடுத்தால்கூட உங்கள் ரிப்போர்ட் ஆட்டம் காணும்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டுத் தானாக எடுக்க வைப்பதற்கு, கையாலேயே எடுத்தால் என்ன சார்?

பதில்: மாதம் ஒரு முறைதான், இரண்டு நிமிட வேலைதான் என்றால் கையாலேயே எடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: திருச்சியில் ஓர் அறக்கட்டளைக்கு லினக்ஸ் சர்வரில் மைஎஸ்க்யூஎல், பிஎச்பி வைத்து நன்கொடை ரசீதுகளை பிடிஎஃப் ஆக்குகிறேன். தமிழ்ப் பெயர்கள் கந்தலாகின்றன. "தேவகி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "தவேகி" என்று வந்து அந்த அம்மா ரசீதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே, கையால் ஓட்டினால் வரும் ஃபைல் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) வைத்தால் வருவதே இல்லை.

பதில்: "தவேகி" என்று வந்ததைச் சரியாகக் குறித்து எழுதினீர்களே, அதற்கே நன்றி. பெரும்பாலோர் "தமிழ் வரவில்லை" என்று மொட்டையாக எழுதுவார்கள். தமிழ் வராமல் போவதில் பல ரகம் இருக்கிறது, ரகத்துக்கு ஒரு காரணம்.

கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழை நிறுவினால் போதும். தலையில் ஒரு கீற்றோடு சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதுவே திரும்பத் திரும்ப வந்தால் விவரம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியேற்றத்தை (எழுத்தை பைட்டாக எழுதும் முறை) வேறு குறியேற்றம் என்று நினைத்துப் படிக்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணினால் இந்தக் கோலம்தான். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும், மைஎஸ்க்யூஎல் இணைப்பு எங்கேயோ தமிழ் தெரியாத குறியேற்றத்தில் பேசுகிறது. டேட்டாபேஸுக்குள்ளேயே கேள்விக்குறியாகப் பதிந்துவிட்டிருந்தால் திரும்பக் கிடைக்காது, பழைய பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். "ஜே கே பி ஓ அரைப்புள்ளி" மாதிரி ஆங்கில எழுத்தாக வந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு காலத்துச் சொத்து, அந்த எழுத்துருவில் அதுதான் "தமிழ்". முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

உங்களுடையது இது எதுவும் இல்லை. யூனிகோடில் "தே" என்பது முதலில் த, அதற்குப் பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும், நாம் சொல்லுகிற வரிசையில். கண்ணுக்குக் காட்டும்போது கொம்பைத் தூக்கி த வுக்கு முன்னால் வைப்பது தனி வேலை, அதை பிரவுசரும் வேர்டும் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பிடிஎஃப் ஆக்கும் எளிய நிரல் தொகுப்புகள் பல அதைச் செய்யாமல் வந்த வரிசையிலேயே எழுத்தை அச்சடிக்கும். கொம்பு த வுக்கும் வ வுக்கும் நடுவில் போய் நிற்கும், படிப்பவர் கண்ணுக்கு அது வ வின் கொம்பு, தேவகி தவேகி ஆகிவிட்டார். எழுத்துருவை எத்தனை மாற்றினாலும் இது போகாது. எம்பிடிஎஃப் என்ற பிஎச்பி தொகுப்பில் 6ஆம் பதிப்பு முதல் ஓடிஎல் என்ற, எழுத்தை இடம் மாற்றி அடுக்கும் வசதி இருக்கிறது, அதைத் தமிழ் எழுத்துருவுக்கு இயக்கிவிட்டால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். இல்லையா, ரசீதை எச்டிஎம்எல் ஆக்கி சர்வரிலேயே திரையில்லா குரோமில் பிடிஎஃப் எடுங்கள், எனக்கு இதுதான் பிடித்த வழி, பிரவுசரில் எப்படித் தெரிகிறதோ அப்படியே வரும்.

கிரான் சங்கதிக்கு வருவோம். ஃபைல் பெயரில் தேதி போட கிரான் வரியிலேயே % குறி வைத்திருக்கிறீர்களா? வைத்திருப்பீர்கள். கிரான் அட்டவணையில் % என்றால் வரி முடிந்தது என்று பொருள், கட்டளை பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு % முன்னாலும் ஒரு பின்சாய்வுக்கோடு போடுங்கள், அல்லது கட்டளையை ஒரு தனி ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு கிரானில் அதன் முழுப் பாதையை மட்டும் கொடுங்கள். கிரானுக்கு நீங்கள் டெர்மினலில் வைத்திருக்கும் பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) எல்லாம் கிடையாது, எந்த நிரலையும் முழு முகவரியோடு கூப்பிட வேண்டும். சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் நம்மூரில் நள்ளிரவு 12.30க்கு அங்கே முந்தைய நாள் இரவு 7 மணிதான், ரசீதில் தேதி ஒன்று பின்தங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்பளப் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) எடுத்து வங்கிக்கு அனுப்புகிறோம். நாலு பேர் கணக்கு எண் தவறு என்று திரும்பி வந்தது. டேட்டாபேஸில் சரியாக இருக்கிறது.

பதில்: அனுப்புவதற்கு முன் அதை எக்செலில் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு சேவ் செய்தவர் யார் என்று விசாரியுங்கள். கணக்கு எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் மிச்ச இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், 16 இலக்கக் கணக்கு என்றால் கடைசி எண் எதுவாக இருந்தாலும் பூஜ்யம்தான். திரும்பி வந்த நாலு கணக்கையும் பாருங்கள், பூஜ்யத்தில் தொடங்கும் அல்லது 15 இலக்கத்துக்கு மேல் இருக்கும். சேவ் செய்த பிறகு செல் ஃபார்மேட்டை மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் போனதுதான், மறுபடி டேட்டாபேஸிலிருந்து எடுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். வங்கி எக்செல் ஃபைலையே வாங்கிக்கொள்ளும் என்றால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து நேராக எக்செல் ஃபைலாகவே எடுத்துவிடலாம். அந்த நாலு பேருக்கும் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.